வழக்கும் பேரமும்: வேலூர், ஆம்பூர்த் தோல் தொழிற்பகுதியை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

வழக்கு என்னும் சொல் தமிழில் இருபொருள் தந்து நிற்பது. உலகத்தார் ஒழுகிவரும் நெறியும் வழக்கே. மன்றத்தில் எழும் முறையீடும் வழக்கே. நெறி பிறழ்ந்தவிடத்து மன்றம் அதனை நிலைநிறுத்த வேண்டும் என்னும் கருத்தே இவ்விரு பொருளையும் ஒரு சொல்லில் பிணித்தது போலும். பேரம் என்னும் சொல்லோ சந்தைக்கு உரியது. மாட்டுச் சந்தையில் தரகர் இருவர் துண்டின்கீழ்க் கைகோத்து, விரலைப் பற்றி விலை பேசுதலை நம்மிற் பலர் கண்டிருத்தல் கூடும். சுற்றி நிற்போர்க்கு மாடு தெரியும், தரகர் முகம் தெரியும், விலை மட்டும் தெரியாது. இச்சொல் இன்று நீதிமன்றத்துக்குள்ளும் புகுந்துவிட்டது. 'பிளீ பார்கெயினிங்' என வழக்கறிஞர் ஆங்கிலத்தில் கூறுவதனைக் 'குற்ற ஏற்புப் பேரம்' என நாம் இக்கட்டுரையில் வழங்குவோம். கொடுங்குற்றங்களில் இத்தகைய உடன்பாடு எவ்வளவு இடம் பெறலாம், இதுகாறும் எவ்வாறு இடம் பெற்றது என்பதனைப் பாலாற்றங்கரைத் தோல் தொழிற்பகுதியை நோக்கி ஆராய்வதே நம் நோக்கம்.

முதற்கண் ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். குற்றம் சாட்டப்பெற்றவன் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனைக் குறைப்புப் பெறுவது ஒன்று. பலர் கூடிச் செய்த குற்றத்தில் ஒருவனுக்கு மன்னிப்பு அளித்து, அவன் வாய்ச்சொல்லால் ஏனையோரைப் பிடிப்பது மற்றொன்று. இவனையே 'அப்ரூவர்' என மக்களும் செய்தித்தாள்களும் வழங்குவர். அரசு வழக்கே தொடுப்பதில்லை என உடன்படுவது இவ்விரண்டின் வேறானது. மூன்றையும் பேரம் என ஒருபெயரால் அழைப்பது பேச்சு வழக்கில் அமையும், ஆராய்ச்சிக்கு அமையாது.

இவை யாவும் மேனாட்டிலிருந்து வந்த புதுமைகள் என்பாரும் உளர். அக்கூற்று முற்றும் பொருந்துவதன்று. பெரியபுராணத்துத் திருநகரச் சிறப்பில், ஆன்கன்றைத் தேர்க்காலில் இட்ட அரசிளங்குமரனுக்கு நூல்களிற் கூறிய கழுவாயே போதும் என அமைச்சர் உரைக்கின்றனர். சோழன் அதனை ஏலான். பிறன் ஒருவன் உயிர்க்கொலை புரிந்தால் அவனைக் கொல்வித்துத் தன் மகனுக்கு மட்டும் வேறு நெறி வகுத்தல் தகாது என்பதே அவன் கருத்து. அமைச்சர் முன்வைத்ததனைத் தண்டனைக் குறைப்புக் கோரும் விண்ணப்பம் என்றே நாம் கொள்ளலாம். புராணம் அதனை மறுக்கின்றது. ஆனால் அப்புராணம் எழுந்த சோழப் பேரரசின் கல்வெட்டுகளோ வேறொரு காட்சியைக் காட்டுகின்றன. வேட்டையில் எய்த அம்பு தவறி மற்றொருவன்மேற் பட்டு அவன் இறந்தவிடத்து, நாட்டாரும் ஊராரும் கூடி ஆராய்ந்து, கொல்லும் கருத்தின்றி நிகழ்ந்தமையின் கொன்றவன் உயிர்விட வேண்டுவதில்லை எனத் துணிந்து, கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிக்குமாறு விதித்த செய்திகள் பல உள. விளக்கொன்றுக்குப் பெரும்பாலும் ஆடு 96. 'சாவா மூவாப் பேராடு' எனக் கல்வெட்டுகள் குறிப்பது இவற்றையே. இலக்கியத்துள் மன்னன் மறுத்த கழுவாயை நாட்டார் மன்றம் நடைமுறையில் ஏற்றது. எனினும் அம்முடிவு ஊரறிய நிகழ்ந்தது என்பதும், கருங்கல்லில் வெட்டப்பெற்றது என்பதும் நோக்கத்தக்கன. துண்டின்கீழ்ப் பேசிய விலையன்று அது. விளக்குக் கோயிலில் எரிந்தது. இறந்தோன் மனைவி மக்கள் என்ன பெற்றனர் என்னும் வினாவுக்கு அக்கல்வெட்டுகளில் விடை தேடின் பெரும்பாலும் ஏமாற்றமே எஞ்சும். அவ்வினாவைப் பின்னர் மீண்டும் காண்போம்.

சிலப்பதிகாரப் பொற்கொல்லனையும் இவ்விடத்து நினைத்தல் தகும். அவனே சிலம்பைக் கவர்ந்தவன். அவனே கோவலனைக் கள்வன் எனக் காட்டிக்கொடுத்தவன். குற்றத்தில் தோய்ந்தவன் சொல்லை வேறு சான்றின்றி ஏற்றதே பாண்டியன் செய்த பிழை. தன்மேல் விழும் பழியைப் பிறன்மேல் ஏற்றிக் காட்டுதலே உடன்குற்றவாளியின் இயல்பு என்பதை இன்றைய சான்றுச் சட்டம் ஒரு விதியாகவே கொண்டுள்ளது. 1872ஆம் ஆண்டு இந்தியச் சான்றுச் சட்டம் தன் 114ஆம் பிரிவின் எடுத்துக்காட்டில், உடன்குற்றவாளி, முதன்மையான செய்திகளில் வேறு சான்று துணைநின்றாலன்றி, நம்பத்தகாதவன் எனக் கருதலாம் என்றது. அதன் 133ஆம் பிரிவோ துணைச்சான்று இன்மையால் மட்டும் தண்டனை சட்டமுரண் ஆகாது என்றது. ஒன்றோடொன்று முரணுவது போன்ற இவ்விரண்டையும் இணைத்து, உடன்குற்றவாளி நம்பத்தகுந்தவனாகவும் இருத்தல் வேண்டும், அவன் கூற்றுக்குப் போதிய துணைச்சான்றும் வேண்டும் என 1957இல் சர்வன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் நெறி வகுத்தது. 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய சாக்ஷிய அதிநியம் தன் 138ஆம் பிரிவில், துணைச்சான்று பெற்ற கூற்றின்மேல் எழும் தண்டனையே சட்டமுரண் ஆகாது எனச் சொல்லை மாற்றி அமைத்துவிட்டது. பொற்கொல்லனுக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாகத் திறந்திருந்த ஒரு சிறு வாயில் இதனால் அடைபட்டது என்க.

இனி வேலூருக்கு வருவோம். 1806 சூலை 10ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் எழுந்த சிப்பாய்ப் புரட்சிக்குப் புதிய தலைப்பாகையும் ஒரு காரணம். அதில் தோலாலான குஞ்சம் பொருத்தப்பெற்றிருந்தது. அத்தோல் எவ்விலங்கினுடையது என்னும் ஐயம் இந்துக்களையும் முசுலிம்களையும் ஒருங்கே வருத்தியது. தோலை வாழ்வாகக் கொண்ட வட்டாரத்தின் தலைநகரில் தோலை முன்னிட்டு ஒரு கிளர்ச்சி எழுந்தமை வியப்பிற்குரியது. புரட்சிக்குச் சில கிழமைகளுக்கு முன்னரே முசுதபா பேக் என்னும் சிப்பாய் தன் ஆங்கிலத் தலைவரிடம் சதியைக் கூறினான். விசாரிக்க அமர்ந்த இந்திய அலுவலரோ அவனைப் பித்தன் என்றனர்; அவன் விலங்கிடப்பெற்றான். புரட்சி அடக்கப்பெற்ற பின்னர் அவனுக்கு 2000 வராகன் பரிசும் ஓய்வூதியமும் கிடைத்தன. புரட்சியில் ஈடுபட்டோருட் சிலர் பீரங்கி வாயில் கட்டிச் சுடப்பெற்றனர், சிலர் தூக்கிலிடப்பெற்றனர், சிலர் கடல்கடத்தப்பெற்றனர். முசுதபா பேக்கை அப்ரூவர் எனல் பொருந்தாது. அவன் குற்றம் நிகழுமுன் கூறியவன். அப்ரூவர் நிகழ்ந்தபின் தன் உயிர் காத்தற்குக் கூறுபவன். ஆயினும் காட்டிக்கொடுப்போனுக்கு அரசு விலை வைக்கும் முறை இவ்வட்டாரத்தில் பதிவு பெற்ற பழைய நிகழ்ச்சிகளுள் இஃதொன்று.

பின்னர் வந்த குற்ற விசாரணைச் சட்டங்கள் இம்முறையை ஒழுங்குபடுத்தின. 1911 சூன் 17இல் மணியாச்சியில் ஆசு துரை சுடப்பெற்ற பின்னர் நடந்த சதி வழக்கில் அரசுத் தரப்பு அப்ரூவர் இருவரையே பெரிதும் நம்பி நின்றது. இன்றைய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 343ஆம் பிரிவு பழைய 306ஆம் பிரிவின் வழிவந்தது. ஏழாண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களிலும், அமர்வு நீதிமன்றமே விசாரிக்கத்தக்க குற்றங்களிலும் மன்னிப்பு அளிக்கலாம். அளிப்பவர் நீதிபதி, காவல்துறையன்று. தான் அறிந்த அனைத்தையும் மறைக்காமல் உண்மையாக உரைத்தல் வேண்டும் என்பதே அம்மன்னிப்பின் நிபந்தனை. மறைத்தால் மன்னிப்பு நீங்கி, முன்செய்த குற்றத்திற்கே அவன் மீண்டும் விசாரிக்கப்படுவான்.

குற்ற ஏற்புப் பேரத்தின் வரலாறு இதனின் வேறு. நம் உச்ச நீதிமன்றம் நெடுங்காலம் அதனை வெறுத்தே வந்தது. 1976இல் முரளிதர் மேகராசு லோயா வழக்கில் கிருட்டிண ஐயர் அதனைக் கடிந்துரைத்தார். 1980இல் காசம்பாய் வழக்கில் பகவதி அது அரசியலமைப்புக்கு முரண் என்றார். இரண்டும் உணவுக் கலப்பட வழக்குகள் என்பது கருதத்தக்கது. வணிகன் நீதிமன்றத்தோடு கணக்குத் தீர்த்துச் செல்வான். கலப்பட உணவை உண்டவனோ அம்மன்றத்தில் இரான் என்பதே நீதிபதிகளின் கவலை. மறுபுறம், விசாரணைக் கைதியர் ஆண்டுக்கணக்கில் சிறையிற் கிடப்பதைக் கண்ட சட்ட ஆணையம் 1991இல் தன் 142ஆம் அறிக்கையில் இம்முறையைப் பரிந்துரைத்தது. 2003இல் மளிமத் குழுவும் அதனை வழிமொழிந்தது. 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 21-அ என்னும் இயல் பழைய சட்டத்திற் சேர்ந்து, 2006 சூலை 5 முதல் நடைமுறைக்கு வந்தது. தூக்கு, ஆயுள், ஏழாண்டுக்கு மேற்பட்ட சிறை என்பன விதிக்கத்தக்க குற்றங்கள் விலக்கப்பெற்றன. பெண்டிர்க்கு எதிரானவையும், பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகட்கு எதிரானவையும், நாட்டின் சமூகப் பொருளாதார நிலையைத் தாக்குவன என அரசு அறிவித்தவையும் அவ்வாறே. அமெரிக்காவில் தண்டனை பெறுவோருள் மிகப் பெரும்பாலோர் இவ்வழியே தண்டனை பெறுகின்றனர். அங்கே அரசு வழக்கறிஞர் குற்றத்தின் பெயரையே குறைத்துப் பேசலாம். இங்கோ குற்றத்தின் பெயரைப் பேசுதற்கு இடமில்லை. தண்டனையின் அளவையே பேசலாம். வழக்குகளுள் மிகச் சிறுபகுதியே இவ்வழியில் முடிகின்றது.

ஆக, நம் சட்டம் ஏழாண்டு என்னும் வேலியை நட்டு, அதற்கு இப்பால் பேரத்தையும் அப்பால் மன்னிப்பையும் நிறுத்தியுள்ளது. வேலியின் எப்பக்கம் ஒரு வழக்கு விழும் என்பதனை முடிவு செய்வோர் யார்? இவ்வினாவே தோல் தொழிற்பகுதியில் உயிர்வினாவாகின்றது.

வேலூர், இராணிப்பேட்டை, மேல்விசாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் இவ்வட்டாரம் முன்பு ஒரே வட ஆர்க்காட்டு மாவட்டம். 2019இல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களாயிற்று. ஆவாரம் பட்டையால் தோல் பதனிட்ட காலத்தில் கழிவு பெரிதும் மரச்சாறாக இருந்தது. குரோமியம் வந்த பின்னர்க் கழிவின் இயல்பே மாறிற்று. கழிவுநீர்த் தொட்டிகளில் தேங்கும் சேற்றிலிருந்து எழும் நச்சுக்காற்று, இறங்கியவனை நொடிப்பொழுதில் வீழ்த்தும். அவனைத் தூக்க இறங்கியவனும் உடன் வீழ்வான். 2015 சனவரி 31 வைகறையில் இராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்து, சேறு வெள்ளமாய்ப் பாய்ந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் உட்பட 10 பேர் மாண்டனர். அவருட் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தோர்.

இத்தகைய சாவு நிகழுமிடத்து முதல் தகவல் அறிக்கையில் எந்தப் பிரிவு எழுதப்படுகின்றது என்பதே முதன்மை. கவனக்குறைவால் சாவு விளைவித்தல் எனின் பழைய தண்டனைச் சட்டத்தின் 304-அ. உயர்ந்த தண்டனை ஈராண்டு. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1)ஆம் பிரிவில் அஃது ஐந்தாண்டு. சாவு விளையக்கூடும் என அறிந்தே செய்த செயல் எனின் கொலையாகாத மரணக் குற்றம். பழைய 304ஆம் பிரிவின் இரண்டாம் பகுதியில் பத்தாண்டு வரை. முன்னையது வேலிக்கு இப்பால், பின்னையது அப்பால். எனவே சட்டம் பேரத்திற்கு இடங்கொடாத பொருளாகிய குற்றத்தின் பெயர், காவல் நிலையத்து மேசையில் ஒரு வரியால் முடிவாகிவிடுகின்றது. முன்னைய பிரிவு எழுதப்பெற்றால், முதன்முறைக் குற்றவாளிக்குப் புதிய சட்டத்தின்படி குறைந்த அளவு வகுக்கப்பெறாத குற்றங்களில் உயர்ந்த தண்டனையின் ஆறில் ஒரு பங்கு விதிக்கலாம். ஏனையோர்க்கு நான்கில் ஒரு பங்கு. ஐந்தாண்டில் ஆறில் ஒன்று பத்துத் திங்கள். தொட்டியில் இறக்கி விடுமுன் காற்றை ஆய்ந்து பாராத ஆலை முதலாளி பத்துத் திங்கட் சிறைக்கு ஒப்பி, இழப்பீடும் கொடுத்து வெளிவரச் சட்டமே வழிவகுக்கின்றது.

அவ்வழி முற்றும் தீதென நாம் கூறவில்லை. அதன் அமைப்பில் ஒரு நன்மை உளது. குற்றம் சாட்டப்பெற்றவனை நீதிபதி தனியறையில் வினவி, அவன் தன் விருப்பால் வந்தனனா எனத் தெளிதல் வேண்டும். பின்னர் அரசு வழக்கறிஞர், புலன் விசாரித்த அலுவலர், குற்றம் சாட்டப்பெற்றவன், பாதிக்கப்பெற்றவர் ஆகிய அனைவரும் கூடியே தீர்வு காணல் வேண்டும். பாதிக்கப்பெற்றவர் இறந்தாராயின் அவர்தம் சட்டவழி உரியோர் அவ்விடத்தில் அமர்வர். சோழர் காலக் கல்வெட்டிற் காணக்கிடையாத மனைவி மக்கட்கு இன்றைய சட்டம் ஓர் இருக்கை இட்டுள்ளது. ஆயின் அவ்வுரியோர் வங்கத்துச் சிற்றூரில் இருப்பின், இவ்வட்டாரத்து நீதிமன்றத்தின் தமிழ் அறிவிப்பு அவர்க்கு என்ன சொல்லும்? இருக்கை உண்டு, அமர்வோர் இல்லை என்னும் நிலை எளிதில் விளையும்.

சட்டப்படியான பேரத்தினும் வெளியில் நிகழும் பேரமே பெரிது என்பதனை இவ்வட்டாரம் அறிந்தோர் எவரும் மறுக்கார். இதனைக் குறிக்க நம்மிடம் பழைய சொல் ஒன்று உண்டு: ராஜி. பாரசீகத்தில் 'ராசி நாமா' என்பது இருதரப்பும் ஒப்பி எழுதிய இசைவுப் பத்திரம். ஆர்க்காட்டு நவாபு காலத்து வழியாகத் தாவா, வக்கீல், ஜாமீன் என்பவற்றோடு வந்த அச்சொல், தமிழில் ராஜினாமா என நின்று, இன்று பதவி துறத்தலையே குறிக்கின்றது. 'ராஜியாகி விட்டார்கள்' என்னும் பேச்சில் மட்டும் பழம்பொருள் எஞ்சியுள்ளது. பொருள் மாறிய வகையும் சுவையுடையது: உரிமையை விட்டுக்கொடுத்தலே இரண்டிற்கும் பொது. ஆலையில் ஒருவர் இறந்தால், பிணம் மருத்துவமனையில் இருக்கும்போதே ஒரு தொகை பேசப்படும். பேசி முடிந்தபின் கண்டவர் எவரும் கண்டவராக இரார். சட்டம் இதனை ஏற்பதில்லை. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவு தரும் எடுத்துக்காட்டு ஒன்று, கொள்ளை வழக்கைக் கைவிடுவதாகவும் அதற்கு மாறாகப் பொருளின் மதிப்பைத் தருவதாகவும் இருவர் செய்யும் உடன்படிக்கை செல்லாது என்கின்றது. குற்றவாளியைத் தண்டனையினின்று மறைக்கப் பொருள் பெறுதலும், கொடுத்தலும் பழைய தண்டனைச் சட்டத்தின் 213, 214ஆம் பிரிவுகளின்படிக் குற்றமே. 304-அ பிரிவுக் குற்றம் தரப்பார் தாமே தீர்த்துக்கொள்ளத்தக்க பட்டியலில் இல்லை. இணக்கத்தைக் காட்டி வழக்கை நீக்குமாறு உயர் நீதிமன்றத்தை வேண்டலாம்; எனினும் கொடுங்குற்றங்களில் அது கூடாது எனக் கியான் சிங் வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. இத்துணைத் தடைகளையும் பிறழ்சாட்சி ஒருவர் ஒரே நாளிற் கடந்துவிடுகின்றார். அவர் மேல் சினங்கொள்ளுதல் எளிது. கணவனை இழந்து மூன்று பிள்ளைகளுடன் நிற்கும் ஒருத்திக்குப் பத்தாண்டு கழித்து வரும் தீர்ப்பினும் இன்று வரும் தொகை பெரிதாகத் தோன்றுவது இயல்பே.

அரசே உடன்படும் மூன்றாம் வகைக்கு வருவோம். இந்தியாவில் இதன் மிகப் பெரிய எடுத்துக்காட்டு போபால். 1984 திசம்பர் 2, 3ஆம் நாட்களின் நள்ளிரவில் நச்சுக்காற்று வெளிப்பட்டு ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். 1989 பிப்ரவரியில் யூனியன் கார்பைடு நிறுவனம் 47 கோடி டாலர் தருவதென்றும், குற்ற வழக்குகள் அனைத்தும் நீக்கப்பெறும் என்றும் உச்ச நீதிமன்றத்தின் முன்னிலையில் முடிவாயிற்று. இறந்தோர் உறவினர் அம்முடிவில் கலந்திலர். அரசே அவர் சார்பாக நின்றது. எதிர்ப்பு எழுந்தபின், 1991 அக்டோபர் 3இல் அதே மன்றம் தொகையை நிலைநிறுத்திக் குற்ற வழக்குகளை மட்டும் உயிர்ப்பித்தது. 1996 செப்டம்பர் 13இல் குற்றச்சாட்டு 304ஆம் பிரிவின் இரண்டாம் பகுதியிலிருந்து 304-அவுக்கு இறக்கப்பெற்றது. 2010 சூன் 7இல் இந்திய அலுவலர் எழுவர்க்கு ஈராண்டுச் சிறை விதிக்கப்பெற்றது. வேலியின் எப்பக்கம் என்னும் நம் வினாவுக்கு இதனினும் தெளிந்த விளக்கம் வேண்டுவதில்லை.

அமெரிக்காவில் 2007இல் செப்ரி எப்சுடைன் என்னும் செல்வர்க்குச் சிறுமியர்மீது புரிந்த கொடுமைகளின் பொருட்டு எழவிருந்த கூட்டரசு வழக்கு, வழக்குத் தொடரா உடன்படிக்கையால் தடுக்கப்பெற்றது. 2008இல் அவர் மாநில நீதிமன்றத்தில் சிறு குற்றங்களை ஒப்பிச் சிறுதண்டனை பெற்றார். பாதிக்கப்பெற்ற பெண்களிடம் அவ்வுடன்படிக்கை மறைக்கப்பெற்றது சட்டமீறல் என 2019இல் ஒரு நீதிபதி தீர்த்தார். ஆயினும் வழக்கே தொடுக்கப்பெறாவிடத்து அப்பெண்கள் தனி வழக்காடி அவ்வுரிமையை நிலைநாட்ட முடியாதென 2021இல் மேல்முறையீட்டு மன்றம் கூறிற்று. துண்டின்கீழ் விரல் பற்றியவர் இருவர், விலைப்பட்டவர் மூன்றாமவர்.

பாலாற்றுக்கு மீள்வோம். போபால் வழக்கில் குற்றச்சாட்டு இறக்கப்பெறுவதற்குப் பதினாறு நாட்களுக்கு முன், 1996 ஆகஸ்டு 28இல், வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் குல்தீப் சிங் முதலியோர் அமர்ந்த ஆயம் தன் புகழ்பெற்ற தீர்ப்பை அளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்னும் நெறி நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என அது அறிவித்தது. ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் மாசுத் தண்டம் விதித்தது. இழப்பை அளவிட ஓர் ஆணையம் அமைக்குமாறும் பணித்தது. இத்தீர்ப்பைச் சூழலியல் நூல்கள் யாவும் போற்றுகின்றன, நாமும் போற்றுகின்றோம். ஆயினும் ஒன்று குறிக்கத்தக்கது. நீர்ச் சட்டத்தின்படியும் சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்படியும் சிறைக்குரிய குற்றமாக நின்ற செயல், தண்டமும் இழப்பீடும் கொண்ட கணக்காக மாறிற்று. சோழநாட்டு விளக்கைப் போலவே இதுவும் வெளிப்படையானது, ஊரறிந்தது. ஆனால் அவ்விளக்கு எரிந்தது. இவ்விழப்பீடோ உரியவர் பலர்க்கு எட்டவில்லை. அதனாலேயே 2025 சனவரி 30இல் பர்திவாலா, மகாதேவன் ஆகிய நீதிபதிகள், எஞ்சியோர்க்கு இழப்பீடு வழங்கி அதனை மாசுபடுத்தியவரிடம் திரும்பப் பெறுமாறும், முன்னாள் உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்குமாறும் மீண்டும் ஆணையிட நேர்ந்தது. இடையில் கழிந்தவை இருபத்தெட்டு ஆண்டுகள்.

இதற்கிடையே நாடாளுமன்றம் 2023ஆம் ஆண்டு ஜன் விசுவாசுச் சட்டத்தால் சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவை மாற்றிவிட்டது. முன்பு ஐந்தாண்டு வரை சிறைக்குரியதாக இருந்த மீறல், 2024 ஏப்பிரல் 1 முதல் 10,000 ரூபாய் முதல் 15 இலட்சம் ரூபாய் வரையிலான தண்டத்துக்கு உரியதாயிற்று. அதனை விதிப்பவர் நீதிபதியல்லர், தீர்ப்பு வழங்கும் அலுவலர். தனியொருவரோடு செய்யும் வழக்குத் தொடரா உடன்படிக்கைக்கு முறைகள் சில உண்டு, மறுப்போரும் உண்டு. இங்கோ இனி மாசுபடுத்தப் போகும் அனைவரோடும் முன்கூட்டியே அவ்வுடன்படிக்கை முடிந்துவிட்டது என நாம் கருதுகின்றோம். இச்சட்டத்தின் தலைப்பு மக்கள் நம்பிக்கை எனப் பொருள்படுவது. குடியாத்தத்திலோ ஆம்பூரிலோ கிணற்றில் உப்பும் குரோமியமும் கலந்த உழவர், தண்டத்தொகை ஆய்வு செய்யப்பெறும் அலுவலரின் அறையில் ஒரு தரப்பாக அமர இச்சட்டம் இடமளிக்கின்றதா என்பதனை அதன் விதிகளோடு ஒப்பிட்டு, அடுத்த இதழில் தனியே ஆராய எண்ணியுள்ளோம்.